நியூரம்பர்க் பழைய நகரை வழிகாட்டியுடன் நடந்து பார்க்க: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனிக்குப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் என்று நம்மவர்கள் பலரும் ஒரு நாளாவது நியூரம்பர்க் போய் வருகிறார்கள். பக்கத்து ஊரான எர்லாங்கனில் பல்கலைக்கழகமும் சீமென்ஸும் இருப்பதால் அந்தப் பக்கம் நடமாட்டம் கொஞ்சம் கூடுதல். கைப்பேசி வரைபடத்தை வைத்துக்கொண்டு கோட்டையையும் சந்தைச் சதுக்கத்தையும் தனியாகவே சுற்றிவிடலாம்தான். ஆனாலும் முதல் முறை ஒரு வழிகாட்டியுடன் நடங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

காரணம் இதுதான். 1945 ஜனவரி 2 அன்று இரவு விழுந்த குண்டுகளில் மதிலுக்குள் இருந்த பழைய நகரத்தில் சுமார் 90 விழுக்காடு அழிந்துபோனது. இடைக்காலக் கட்டடம் என்று நினைத்து நாம் படமெடுப்பதில் பல, போருக்குப் பிறகு மறுபடி எழுப்பியவை. தெருக்களின் போக்கையும் செங்குத்தான கூரைகளின் வடிவத்தையும் பெரும்பாலும் பழையபடியே வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் புது வீடுகளைக் கட்டினார்கள். எந்தச் சுவர் தப்பியது, எது திரும்ப வந்தது என்று ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் பிடிபடும். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது இந்த ஊர் மேல் வரும் மரியாதையே வேறு.

எந்த நடையில் சேர்வது?

வழிகாட்டியுடன் போகும் நகர நடையை ஜெர்மனில் ‘ஸ்டாட்ஃபூருங்’ (Stadtführung) என்பார்கள். இணையத்தில் தேடும்போது இந்தச் சொல்லையும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பல நடைகள் கண்ணில் படாமலே போய்விடும். ஜெர்மன் மொழி நடைகள்தான் அதிகம். ஆங்கில நடைகள் கோடையில் தாராளமாக இருக்கும், குளிர்காலத்தில் குறைந்துவிடும். முன்பதிவு செய்வதற்கு முன் மொழியை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள். பணம் கட்டிவிட்டுப் போய், இரண்டு மணி நேரம் ஒன்றும் புரியாமல் நிற்பது பெரிய கொடுமை.

நடைகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது, நகரச் சுற்றுலா அலுவலகம் மூலமாகக் கிடைக்கும் கட்டண நடை. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கும் தகவல் மையத்திலேயே கேட்டு டிக்கெட் வாங்கலாம், இணையத்திலும் வாங்கலாம். இரண்டாவது, ‘இலவச நடை’ என்று விளம்பரம் செய்யப்படுவது. பெயரில்தான் இலவசம். முடிவில் நாம் கொடுக்கும் பணமே அந்த வழிகாட்டியின் வருமானம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். மூன்றாவது, ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு நடப்பவை: நிலத்தடிக் குகைகள், ஓவியர் ட்யூரர், யூதர் வரலாறு, நாஜிக் காலம் என்று. ‘கெஷிஷ்ட ஃபியூர் ஆல’ என்ற வரலாற்று அமைப்பும், குகைப் பாதைகளைப் பராமரிக்கும் ‘ஃபெல்சன்கேங்க’ சங்கமும் இந்த மூன்றாவது வகையில் நல்ல நடைகளை நடத்துகின்றன.

முதல் முறை என்றால் பொதுவான பழைய நகர நடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சிறப்பு நடைகள் அதற்குப் பிறகுதான் சுவைக்கும்.

எந்த நாள், எந்த நேரம்?

மே முதல் செப்டம்பர் வரை வசதியான காலம். முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளியில் தொடங்கி டிசம்பர் 24 வரை நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நாட்களில் சதுக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது, வழிகாட்டி சொல்வது காதில் விழாது. சந்தைக்குத் தனியாக ஒரு மாலை போய்க்கொள்ளுங்கள். நகர நடையை வேறொரு மாதத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க உள்ளே விடமாட்டார்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் விடுமுறை. ஆக, செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் 12 மணிக்கு ஹாப்ட்மார்க்டில் இருப்பதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்வது முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போய்ச் சேர்வது

மியூனிக்கிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான்கைந்து பேராகப் போனால் ‘பயர்ன் டிக்கெட்’ என்ற பவேரிய மாநில ஒரு நாள் டிக்கெட் எடுப்பது லாபம். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். வட்டார ரயில்களில் மட்டும்தான் செல்லும், விரைவு ரயிலில் ஏறக்கூடாது. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லுபடியாகும். ஊருக்குள் ட்ராம், சுரங்க ரயிலுக்கும் அதுவே போதும். விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்னும் எளிது, யூ2 சுரங்க ரயில் நேராக மத்திய ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும்.

ஜெர்மன் ரயில்கள் தாமதமாவது சகஜம். நடை 11 மணிக்கு என்றால் 10 மணிக்கே நிலையத்தில் இறங்குகிற ரயிலைப் பிடியுங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே பருத்த வட்டக் கோபுரம் ஒன்று நிற்கும். அதை ஒட்டி உள்ளே நுழைந்து கொனிக்ஷ்ட்ராஸ தெருவில் நேரே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் லோரென்ஸ் தேவாலயம். நேரம் மிச்சமிருந்தால் கோபுரத்தடியில் ‘ஹாண்ட்வெர்க்கர்ஹோஃப்’ என்ற கைவினைஞர் முற்றத்தை எட்டிப் பாருங்கள்.

என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப் போவது?

ஷூதான் முதல் விஷயம். பாதை நெடுக உருளைக் கல் பாவிய தெருக்கள், முடிவில் கோட்டைக்கு ஏற்றம். மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் செருப்போடு கிளம்ப விடாதீர்கள். அம்மா சேலைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், காலில் மட்டும் பிடிமானமுள்ள ஷூ இருக்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள், கோட்டை ஏற்றம் இல்லாத நடை இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம்.

வானிலை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மாறும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை நல்லது. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு மேல். கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் சில்லறை. பொதுக் கழிப்பறைகளில் பெரும்பாலும் அரை யூரோ, ஒரு யூரோ நாணயம் கேட்பார்கள். நடை தொடங்கும் முன் ரயில் நிலையத்திலோ காபிக் கடையிலோ முடித்துக்கொண்டு வாருங்கள். நடுவில் பிரிந்து போனால் கூட்டத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

கூடும் இடத்தில்

பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். வழிகாட்டி கையில் வண்ணக் குடையோ பலகையோ வைத்திருப்பார். ‘க்ரூஸ் காட்’ என்று ஒரு வணக்கம் சொல்லிப் பெயரைச் சொன்னால் பட்டியலில் குறித்துக்கொள்வார். குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், யாருக்காகவும் காத்திருப்பது அபூர்வம். நடை எங்கே முடியும், உள்ளே எங்காவது நுழைவோமா என்ற இரண்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொதுவான நடைகள் பெரும்பாலும் வெளியில் நின்று பேசுபவைதான். தேவாலயத்துக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் நாம் தனியாகப் பிறகு போகவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிகாட்டிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் காட்டும் பொருள் அப்போதுதான் மறையாது. சைக்கிள் பாதையில் நிற்காதீர்கள், மணி அடித்துக்கொண்டு வேகமாக வருவார்கள். வீடியோ எடுப்பதானால் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள், முகம் பதிவாவதை இங்கே பலர் விரும்புவதில்லை. கேள்வி கேட்கக் கூச்சமே வேண்டாம், உடைந்த ஆங்கிலம் ஆனாலும் பரவாயில்லை. என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் இதைக் கேளுங்கள்: “இதில் எது பழசு, எது போருக்குப் பிறகு கட்டியது?” நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். சுவரில் கல்லின் நிறம் எங்கே மாறுகிறது, எந்த வரிசை வரை தீயில் நின்றது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

வழியில் கவனிக்க வேண்டியவை

நடை ஒவ்வொன்றுக்கும் வழி மாறும். ஆனால் பெரும்பாலும் தெற்கில் லோரென்ஸ் பக்கத்திலிருந்து பெக்னிட்ஸ் ஆற்றைத் தாண்டி, வடக்கே சேபால்ட் பக்கமாகக் கோட்டைக்கு ஏறுவார்கள். ஆற்றின் மேல் பாலம்போல் நிற்கும் கட்டடம் ஹைலிக் கைஸ்ட் மருத்துவமனை. கொன்ராட் க்ரோஸ் என்ற பணக்கார வணிகர் 14ஆம் நூற்றாண்டில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்குமாக நிறுவியது. அங்கே எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள்.

நிறைய நேரம் கேட்கும் இடம் ஹாப்ட்மார்க்ட். காய்கறி, பூக்கடைகள் விரிந்த சதுக்கம். ஒரு மூலையில் ‘ஷோனர் ப்ரூனன்’ என்ற நீரூற்று, ஏறக்குறைய 19 மீட்டர் உயரத்தில் 40 சிலைகளுடன் தங்கமுலாம் மின்ன நிற்கும். முதலில் கட்டியது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில். இப்போது நிற்பது சுமார் 1900-களில் செய்த நகல், பழைய சிலைகளின் மிச்சம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் இதைச் சுற்றிக் கான்கிரீட் உறை கட்டி மூடியதால்தான் தப்பியது. கம்பித் தடுப்பில் ஒரு வளையம் தொங்கும். அதை மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று வரிசையில் நிற்பார்கள். குழந்தைகள் கூட இருந்தால் சுற்ற விடுங்கள்.

சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் ஃப்ராவன்கிர்ஷ தேவாலயம். 12 மணிக்கு எல்லோரும் அதன் முகப்பை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே பொம்மைகள் அசையும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நடுவில் பேரரசர் நான்காம் கார்ல் வீற்றிருப்பார். முதலில் எக்காளம் ஊதுபவர்களும் முரசு அடிப்பவர்களும் அசைவார்கள். பிறகு வலப்பக்கக் கதவு வழியாகவோ இடப்பக்கக் கதவு வழியாகவோ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு இளவரசர்கள் வெளியே வந்து, பேரரசரை மூன்று முறை சுற்றுவார்கள். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பேருக்கு என்று வரையறுத்த 1356ஆம் ஆண்டின் ‘பொன் முத்திரை’ ஆணையின் நினைவாக, 1509-இல் இந்தப் பொறியை அமைத்தார்கள். புதிதாகத் தேர்வாகும் மன்னர் தன் முதல் அவையை நியூரம்பர்க்கில்தான் கூட்டவேண்டும் என்றும் அந்த ஆணை சொன்னது. இந்த ஊருக்கு அந்நாளில் இருந்த மதிப்பு அது. கடிகாரத்துக்கு மேலே நீலமும் பொன்னுமாக ஒரு பந்து இருக்கும். அது நிலவின் பிறை வளர்வதையும் தேய்வதையும் காட்டும்.

பொம்மைகள் நின்றதும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் கலையாதீர்கள். இந்தத் தேவாலயமும் சதுக்கமும் இருக்கும் இடம் 1349 வரை யூதர் குடியிருப்பு. அந்த டிசம்பரில் சந்தைக்கு இடம் வேண்டும் என்று குடியிருப்பை இடித்தார்கள். பேரரசர் நான்காம் கார்லின் ஒப்புதலோடுதான் அது நடந்தது. 562 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தொழுகைக் கூடம் நின்ற இடத்தில் இந்தத் தேவாலயம் எழுந்தது. உள்ளே பலிபீடப் பகுதியின் தரையில் அதை நினைவுபடுத்த ஒரு தாவீது நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அதே சதுக்கத்துக்கு நாஜிகள் ஹிட்லரின் பெயரை வைத்து, அங்கே அணிவகுப்பு நடத்தினார்கள். உங்கள் வழிகாட்டி இதையெல்லாம் தாண்டிப் போனால் நீங்களே கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்வார்கள். தன் ஊர் செய்த கொடுமையைத் தெருவில் நின்று அந்நியரிடம் நேராகச் சொல்லும் பழக்கம் இன்றைய ஜெர்மனியில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று.

அங்கிருந்து மேலே சேபால்ட் தேவாலயம், பிறகு ஏற்றம். டியர்கெர்ட்னர் வாயிலுக்குப் பக்கத்துச் சதுக்கம் வந்ததும் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். குண்டுவீச்சில் பெரும்பாலும் தப்பிய சில மூலைகளில் இது ஒன்று. மரச்சட்டமும் சாந்துமாக நிற்கும் உயரமான வீடு, ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1509 முதல் 1528-இல் இறக்கும்வரை வாழ்ந்தது. இன்று அருங்காட்சியகம். இங்கிருந்து சிறிது தூரத்தில் வைஸ்கெர்பர்காஸ என்று தோல் பதனிடுவோர் வாழ்ந்த சந்து இருக்கிறது. நடையில் சேர்க்காவிட்டாலும் பிறகு தனியாகப் போங்கள். பழைய நகரம் முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு சந்தில் தெரியும்.

நடை முடிந்ததும்

இலவச நடை என்றால் ஆளுக்கு 10 யூரோவாவது கொடுங்கள், பிடித்திருந்தால் கூடுதலாக. ரொக்கமாக இருந்தால் நல்லது. கட்டண நடைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, மனம் நிறைந்தால் சில யூரோ கையில் கொடுத்து நன்றி சொல்லலாம். நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்க இதுதான் சரியான நேரம்.

ஊரின் பேர்போன உணவு விரலளவு ப்ராட்வூர்ஸ்ட் தொத்திறைச்சி, பன்றி இறைச்சியில் செய்வது. மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்து ‘ட்ரை இம் வெக்ளா’ என்று தெருவிலேயே விற்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்ல என்ற நூடுல்ஸ், ப்ரெட்ஸல், உருளைக்கிழங்கு உருண்டை கிடைக்கும். உருண்டைக்கு ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கும், அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். லெப்கூகன் இனிப்பைக் கட்டாயம் வாங்குங்கள். அதன் வாசனை நமக்கு அந்நியமாகவே இருக்காது. ஏலம், கிராம்பு, பட்டை, இஞ்சி எல்லாம் கீழ்த்திசையிலிருந்து வெனிஸ் வழியாக இந்த ஊர் வணிகர்கள் கைக்கு வந்தவை. ‘எலீசன்’ என்று போட்டிருந்தால் கொட்டைகள் மிகுந்த உயர்ந்த வகை. முட்டை சேர்க்காதவர்கள் பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்.

சாப்பிட்டு வந்ததும் வெளியில் நின்று கேட்டவற்றின் உள்ளே போங்கள். ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் என்றால் லோரென்ஸ். பலிபீடத்துக்கு முன் மரியாளும் தேவதூதரும் பெரிய மலர் வளையத்துக்குள் அந்தரத்தில் தொங்குவார்கள். சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1517-18-இல் மரத்தில் செதுக்கியது. பக்கத்தில் ஆடம் க்ராஃப்ட் செதுக்கிய கல் கோபுரம், ஏறக்குறைய 20 மீட்டர். உச்சி கூரை வளைவைத் தொட்டுக் கொடித் தண்டுபோல் வளைந்து நிற்கும். எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து அடியைப் பாருங்கள். தாடி வைத்த ஒரு மனிதர் ஒரு காலை மண்டியிட்டு, கையில் சுத்தியுடன், அந்தப் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருப்பார். அது சிற்பியே தன்னை வடித்துக்கொண்டது. முகத்தில் களைப்பு தெரியும், அலட்டல் தெரியாது. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த முகம் அது.

கோட்டைக்கு டிக்கெட் எடுத்தால் ஆழ்கிணற்றை விட்டுவிடாதீர்கள். பாறையைக் குடைந்து சுமார் 50 மீட்டர் ஆழம் போகிறது. ஊழியர் ஒருவர் மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கி ஆழத்தைக் காட்டுவார். பிறகு தண்ணீரை ஊற்றுவார். அது அடியைத் தொடும் சத்தம் மேலே வரச் சில விநாடிகள் ஆகும்.

கால் இன்னும் நடக்கும் என்றால் ஃபெல்சன்கேங்க குகைகள். பீர் பதப்படுத்த மணற்பாறையில் நூற்றாண்டுக் கணக்காகக் குடைந்தவை. போரில் ஆயிரக்கணக்கான பேர் உயிர் தப்பியது இங்கே ஒளிந்துதான். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே 8 முதல் 12 டிகிரிதான், மேல்சட்டை கட்டாயம். கோட்டைப் பாறைக்கடியில், போரின்போது கலைப்பொருட்களை ஒளித்து வைத்த கலைப் பதுங்கறையும் இருக்கிறது. ஃபைட் ஷ்டோஸின் தேவதூதர் குண்டுவீச்சில் எரியாமல் இன்று நம் கண்ணுக்குக் கிடைத்திருப்பது அந்த அறையால்தான். இரண்டுக்கும் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாஜிக் காலத்துக்குத் தனி நாள்

பேரணித் திடலையும் நீதிமன்றத்தையும் அதே நாளில் திணிக்க வேண்டாம். இரண்டும் மதிலுக்கு வெளியே, வேறு வேறு திசைகளில் இருக்கின்றன. மனமும் தாங்காது. 1933 முதல் 1938 வரை கட்சிப் பேரணிகள் நடந்த திடல் தென்கிழக்கில் இருக்கிறது. மிகப் பெரிய பரப்பு, விளக்கப் பலகைகளை மட்டும் படித்தால் முழுதாகப் புரியாது. அங்கும் வழிகாட்டியுடன் நடப்பதே சரி. மேடையில் ஏறி நின்று கையை நீட்டிப் படமெடுக்கும் விளையாட்டு மட்டும் கூடவே கூடாது. நாஜி வணக்கமும் சின்னங்களைக் காட்டுவதும் ஜெர்மனியில் குற்றம், போலீஸ் பிடிக்கும். நம் வீட்டு வழக்கப்படி சுவஸ்திகம் பொறித்த டாலரோ மோதிரமோ போட்டிருக்கும் பெரியவர்கள் அன்றைக்கு மட்டும் அதை அறையில் வைத்துவிட்டு வருவது நல்லது. அங்கே நிற்கும் மற்றவர்களுக்கு அந்த வடிவம் எதை நினைவூட்டும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் அறை, நகரின் மேற்கில் நீதி மாளிகையில் இருக்கிறது. யூ1 சுரங்க ரயிலில் ‘பேரன்ஷான்ட்ஸ’ நிறுத்தத்தில் இறங்கினால் சிறிது தூர நடை. விடுமுறை நாளையும் அறை அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக் கண்காட்சிக்குக் காதில் வைத்துக் கேட்கும் கருவி கொடுப்பார்கள். நிதானமாகக் கேட்டு முடிக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.